யாரையும் கேட்காமல் ஏறும் விண்டோஸ்

மலையில் பெட்டி கெட்டால் அனுசியா. போடி ஆபீசில் பெட்டி கெட்டால் அனுசியா. பெட்டி நன்றாக ஓடினால் மட்டும் மேனேஜர் அன்புச்செல்வன். எங்கள் ஏலக்காய்க் கம்பெனியில் வேலையைப் பிரித்து வைத்திருப்பது இப்படித்தான். அனுசியா நான்தான் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

கம்பெனிக்கு மலைமேல் அங்கங்கே ஸ்டோர்கள் இருக்கின்றன. காட்டில் எடுத்த பச்சைக் காயை உலர்த்தி மூட்டை கட்டுகிற இடத்துக்கு இங்கே ஸ்டோர் என்று பெயர். ஒவ்வொரு ஸ்டோரிலும் ஒரு கம்ப்யூட்டர். காயின் எடை, ஆள் வருகை, கீழே போகிற லோடு எல்லாம் அதில்தான் ஏறும். அதை மலையில் எல்லோரும் பெட்டி என்பார்கள். எனக்கும் அதுவே வாயில் வந்துவிட்டது.

பழைய விண்டோஸுக்கு இனிமேல் பாதுகாப்பு கிடையாது, எல்லா ஸ்டோருக்கும் புதுசு ஏற்ற வேண்டும் என்று உத்தரவு வந்தது. வழக்கமாக நான் ஜீப்பில் ஏறி, கொண்டை ஊசி வளைவெல்லாம் குமட்டலை அடக்கிக்கொண்டு போய், ஸ்டோருக்கு அரை நாள் உட்கார்ந்து ஏற்றிவிட்டு வருவேன். இந்த முறை அன்புச்செல்வன் கோயம்புத்தூரில் ஏதோ ஒரு கூட்டத்துக்குப் போய்விட்டு வந்து, முகமெல்லாம் மலர்ச்சியாக என் மேசைக்கு வந்தார்.

“இனிமே நீங்க மலையேறவே வேணாம்மா. ஒரு பென்டிரைவ அனுப்புறோம். சூப்ரவைசர் சொருகி ஒரு பட்டனத் தட்டுனாப் போதும். ஆளே இல்லாம அதுவா ஏறிக்கிரும்.”

தெரியாத விஷயமில்லை. விண்டோஸ் ஏறும்போது நின்று நின்று கேள்வி கேட்கும். எந்த மொழி, எந்த டிஸ்க், பழையதை அழிக்கவா வேண்டாமா. அந்தக் கேள்விகளுக்கெல்லாம் பதிலை முன்கூட்டியே எழுதி உள்ளே வைத்துவிட்டால் அது யாரையும் கேட்காது. பதில் எழுதுவது ஒரு பொழுது வேலை. மலைப்பெல்லாம் டிரைவரில்தான்.

பெட்டிக்குள் இருக்கிற ஒவ்வொரு உறுப்பையும் விண்டோஸுக்கு அறிமுகம் செய்துவைக்க ஒரு சின்ன மென்பொருள் வேண்டும். அதுதான் டிரைவர். சத்தத்துக்கு ஒன்று, கேமராவுக்கு ஒன்று, நெட்டுக்கு ஒன்று, டிஸ்க்குக்கு ஒன்று. பெட்டியின் ரகத்துக்கு ஏற்ப இவை மாறும். எங்கள் கம்பெனி பெட்டிகளை மொத்தமாக வாங்கியதே கிடையாது. ஒவ்வொரு வருஷமும் எது மலிவோ அது. அதனால் ரகத்துக்கு ஒரு போல்டர் போட்டு, அதற்குள் உறுப்புக்கு ஒரு போல்டர் போட்டு, சரியான டிரைவரைத் தேடி இறக்கி, இரட்டிப்பாக வந்ததைக் கழித்து, ஒவ்வொன்றாக அடுக்கினேன். பெட்டி தன் ரகத்தைச் சொல்லும், விண்டோஸ் அந்தப் போல்டருக்குப் போய் வேண்டியதை எடுத்துக்கொள்ளும். என் வீட்டுச் சமையலறையில்கூட இந்த ஒழுங்கு கிடையாது. பார்க்கப் பார்க்க எனக்கே பெருமையாக இருந்தது.

இதில் டிஸ்க்கின் டிரைவர்தான் உயிர். மற்றது இல்லாவிட்டால் சத்தம் வராது, படம் வராது, பிறகு பார்த்துக்கொள்ளலாம். டிஸ்க் டிரைவர் இல்லாவிட்டால், டிஸ்க் கண்ணெதிரே மாட்டியிருந்தாலும் விண்டோஸைப் பொறுத்தவரை அது இல்லவே இல்லை.

போடிமெட்டுக்கு அந்தப்பக்கம், கேரள எல்லைக்குள் இருக்கிற ஸ்டோருக்கு வேலுச்சாமி அண்ணன் சூப்ரவைசர். கீழே போடிக்குப் பக்கத்துச் சிலமலைக்காரர். வாரக் கடைசியில் மட்டும் வீட்டுக்கு இறங்குவார். மலையில் கிடந்து கிடந்து பேச்சில் மலையாளம் ஏறிப்போனவர்; எதற்கும் “கொழப்பமில்ல” என்பார். அவருக்கு ஒரே மகள், சூர்யகலா. கல்லூரி லீவு விட்டால் அப்பாவோடு ஸ்டோரில் வந்து இருப்பாள். அவருக்கு மவுஸ் பிடிக்கக் கற்றுக் கொடுத்தவள் அவள்தான். ஆயுத பூஜைக்குப் பெட்டியைத் துடைத்து, சந்தனம் தடவி, நடுவில் தன்னுடைய ஸ்டிக்கர் பொட்டு ஒன்றை ஒட்டியவளும் அவள்தான்.

அவளுடைய போனில் எப்போதும் இடம் இருக்காது. எடுத்த வீடியோவையெல்லாம் ஸ்டோர் பெட்டியில் ஏற்றிவிட்டுப் போனைக் காலி செய்துகொள்வாள். அம்மாவைச் சீண்டிப் பேசவிட்டு எடுத்தது, கல்லூரி மேடையில் பேசியது, ஒன்றுமே இல்லாமல் மழையைக் காட்டிக்கொண்டு தனக்குத் தானே பேசியது. எல்லாம் D டிரைவில் போய் உட்கார்ந்தன. “C-ல வைக்காதீங்க, பார்மேட் அடிச்சாப் போயிரும். D-ல போட்டு வைங்க, அது என்னைக்கும் போகாது” என்று ஊரெல்லாம் சொல்கிற வேதவாக்கை அவளுக்கும் யாரோ சொல்லியிருக்க வேண்டும். நானே அதை எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேனோ.

போன வருஷம் மலையிலிருந்து இறங்கிய ஒரு ஜீப்பு வளைவில் கவிழ்ந்தது. சூர்யகலா அதில் இருந்தாள். போனும் அவளோடு பள்ளத்தில் போயிற்று. அதற்குப் பிறகு அவள் பேசுவதும் சிரிப்பதும் இந்த உலகத்தில் ஒரே இடத்தில்தான் இருந்தது, அந்த ஸ்டோர் பெட்டியின் D-யில். வேலுச்சாமி அண்ணன் மத்தியானம் சோற்றுப் போசியைத் திறந்து வைத்துக்கொண்டு தினமும் ஒரு வீடியோ பார்ப்பார். அந்த நேரத்தில் யாரும் ஆபீஸ் ரூமுக்குள் போக மாட்டார்கள்.

ஆனால் மொக்கம்மாள் அக்காவுக்கு அது இல்லை. வேலுச்சாமி அண்ணனின் மனைவி. சிலமலையில் இருந்துகொண்டு அடுத்தவர் தோட்டத்து வேலைக்குப் போகிறவர். மகள் போன வழியில் ஜீப்பேற மாட்டேன் என்று இருந்துவிட்டார். விபத்துக்குப் பிறகு வைரஸ் பயத்தில் கம்பெனி எல்லாப் பெட்டியின் விண்டோஸுக்குள்ளும் பென்டிரைவ், போன் இரண்டையும் முடக்கி வைத்திருந்தது. நெட்டில் அனுப்பலாம் என்றால் அங்கே கிடைக்கிற சிக்னலில் ஒரு போட்டோ போவதே பாடு. இருந்தும் அக்கா பென்டிரைவ் போடுகிற மாதிரி ஒரு டிவியை வாங்கி, எதில் சொருகுவது என்று கடைக்காரரிடம் கேட்டுத் தெரிந்து வைத்துக்கொண்டு, ஒருநாள் நேராக என் ஆபீசுக்கே வந்துவிட்டார்.

“அந்த மனுசன் மட்டும் தெனமும் பாக்குறாரு. நான் பெத்தவ இல்லையா? அவ கொரல் எனக்கு மறந்துக்கிட்டே வருது, ஆத்தா. வெளியில சொல்ல வெக்கமா இருக்கு.”

 “புது விண்டோஸ் ஏறுனதும் பென்டிரைவ் தொறந்துரும்க்கா. ஏத்துற பென்டிரைவுலயே எடம் கெடக்கு. அண்ணன் அதுலயே எல்லாத்தையும் இழுத்துப் போட்டு அனுப்பிருவாரு” என்றேன். அக்கா என் கையைப் பிடித்து ஒரு நிமிஷம் வைத்திருந்துவிட்டுப் போனார்.

அதனால் D விஷயத்தில் நான் விளையாட்டாக இருக்கவில்லை. எல்லா ஸ்டோர் பெட்டியிலும் இரண்டு டிஸ்க் உண்டு; நான் மாட்டியதுதான். முதல் டிஸ்க்கில் விண்டோஸ், இரண்டாவது டிஸ்க் முழுக்க D. மழைக்கால ஈரத்துக்கும் ஜீப்பு குலுக்கலுக்கும் சாகாத புதுவகை டிஸ்க்குகள். கண்ணுக்குத் தெரிகிற முதல் டிஸ்க்கைத் துடைத்து அதில் ஏறு, அடுத்ததைத் தொடாதே என்று பதில் எழுதி வைத்தேன். ஆபீசில் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தேன். தொடவில்லை.

பிறகு ஒவ்வொரு ஸ்டோருக்கும் போன் போட்டு ரகத்தைக் கேட்டேன். வேலுச்சாமி அண்ணன் பெட்டியின் முதுகில் ஒட்டியிருந்ததை எழுத்துக் கூட்டி வாசித்தார்.

“ஏண்ணே, உள்ள எதும் மாத்துனீங்களா? இடி விழுந்துச்சு, போர்டு போச்சு, அப்படி எதும்?”

“இல்லத்தா. நீ குடுத்த பெட்டிதான். எம்மக வச்ச பொட்டுகூட அப்படியே இருக்கு.” பிறகு அவராகவே சொன்னார். “இப்பல்லாம் தொட்டவொடனே தொறக்குது. முன்ன மாதிரி சொணங்குறதில்ல.”

தூசி தட்டி வைத்திருக்கிறார் போல என்று நினைத்துக்கொண்டேன்.

“D-க்கு ஒண்ணும் கொழப்பமில்லையே ஆத்தா?”

“ஒரு கொழப்பமும் இல்லண்ணே.”

இன்னொரு காவலும் போட்டிருந்தேன். நான் அடுக்கிய எந்த ரகத்திலும் சேராத பெட்டியாக இருந்தால், எதையும் அழிக்காமல் நின்று திரையில் கேள்வி கேட்கும்படி செய்திருந்தேன். பூப்பாறைப் பக்கத்து ஸ்டோரில் முதல் சோதனை ஓட்டியபோது, பெட்டி தன் பெயரைக் கொஞ்சம் மாற்றிச் சொன்னதால் அது நின்று கேட்டது. அங்கே இருந்தவர் பதறிப்போய் அன்புச்செல்வனுக்கே போன் போட்டுவிட்டார். அவர் அப்போது முதலாளியோடு இருந்தாராம்.

“ஆளில்லாம ஏறுறதுன்னா நின்னு கேக்கக் கூடாதும்மா. அந்தக் கேள்விய எடுத்துருங்க.”

“தெரியாத பெட்டின்னா ஆபத்து சார். கேக்கட்டும் சார்.”

“எல்லாப் பெட்டியும் தெரியும்னு நீங்கதான சொன்னீங்க?”

சொன்னதுதான். வேலுச்சாமி அண்ணன் ஸ்டோருக்கு மட்டும் நானே போய்விட்டு வருகிறேன், ஒரு ஜீப்பு கொடுங்கள் என்றேன். “அப்பறம் எதுக்கும்மா இத்தன பாடு?” என்று சிரித்தார். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. கேள்வியை எடுத்தேன். மாதச் சம்பளக்காரி வேறு என்ன செய்வாள்.

கம்பெனி ஜீப்பு ஓட்டுகிற ஜக்கையன் அண்ணனோடு காலிச் சாக்குகளுக்கு நடுவே பென்டிரைவுகள் மேலே போயின. மற்ற ஸ்டோர்களிலிருந்து ஒவ்வொன்றாக நல்ல செய்தி வந்தது. அன்புச்செல்வன் மேலிடத்துக்குத் தகவல் அனுப்பி வாழ்த்து வாங்கிக்கொண்டார். வேலுச்சாமி அண்ணன் மட்டும் மத்தியானத்துக்கு மேல்தான் கூப்பிட்டார். சிக்னல் கிடைக்கிற பாறைமேல் நின்று பேசுகிறார் என்பது காற்றின் சத்தத்தில் தெரிந்தது.

“ஏறிருச்சு ஆத்தா. படம் வருது. நெட்டு மட்டும் வரல.”

நெட் வரவில்லை என்றால், டிரைவர் சேரவில்லை என்று அர்த்தம்.

“D இருக்காண்ணே?”

“அதத்தான் தேடிக்கிட்டிருக்கேன். நீ சொன்ன எடத்துல C மட்டுந்தான் இருக்கு. எங்கயாச்சும் உள்ள தள்ளிப் போயிருக்குமோ?”

பெட்டியை அணைத்துவிடுங்கள், எதையும் தொடாதீர்கள் என்றேன். அன்புச்செல்வனிடம் ஒரு வார்த்தை கேட்காமல் ஆள் ஏற்றுகிற ஜீப்பில் தொற்றிக்கொண்டு போனேன். மலையடிவாரத்து முந்தல் தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. வழியெல்லாம் ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன்.

பெட்டி மேசைமேல் இருந்தது. சந்தனம் காய்ந்து உதிர்ந்திருந்தாலும் பொட்டு அதன் இடத்தில் இருந்தது. நான் ஸ்க்ரூவைக் கழற்றி மூடியைத் திறந்தேன். உள்ளே நான் மாட்டிய எதுவும் இல்லை. எல்லா உறுப்பும் உட்காருகிற போர்டே புதுசு. அதன்மேல் பட்டையாக ஒரு புது டிஸ்க் படுத்திருந்தது, தனி டிரைவர் கொடுத்தால்தான் கண்ணில் படுகிற ரகம். ஓரத்தில் பழைய D டிஸ்க் மட்டும் என் கையெழுத்தோடு இருந்தது.

நடந்தது முழுக்க அந்த இடத்திலேயே எனக்குப் புரிந்துவிட்டது. பெட்டியின் ரகத்தைச் சொல்வது போர்டுதான்; இந்தப் போர்டுக்கு என்னிடம் போல்டர் இல்லை. டிரைவர் இல்லாததால் புது டிஸ்க் விண்டோஸின் கண்ணில் படவில்லை. கண்ணில் பட்ட ஒரே டிஸ்க் D. அதையே முதல் டிஸ்க் என்று எடுத்துக்கொண்டு, நான் எழுதி வைத்த பதிலின்படி, சுத்தமாகத் துடைத்துவிட்டு அதன்மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது. நின்று கேட்டிருந்தால் போதும். அதைத்தான் நாங்கள் எடுத்துவிட்டோமே.

“எப்பண்ணே மாத்துனீங்க?”

அவர் கதவோரமாகவே நின்றார். “சித்திரையில இடி எறங்குச்சு. பெட்டி செத்துப்போச்சு. ஆபீசுக்குச் சொன்னா வேற பெட்டியக் குடுத்துட்டு இதத் தூக்கிட்டுப் போயிருவாக. பக்கத்து ஸ்டோருல அப்படித்தான் தூக்குனாக, திரும்பி வரவேயில்ல. அதான் போடியில மொக்கச்சாமியோட கம்ப்யூட்டர் கடைக்குத் தூக்கிட்டுப் போயி, உள்ள இருக்கத மட்டும் மாத்திக்கிட்டேன். D-யத் தொடக் கூடாதுன்னு சொல்லி அவன் பக்கத்துலயே உக்காந்திருந்தேன்.”

“நான் போன்ல கேட்டப்ப ஏண்ணே சொல்லல?”

“வெளிய தெரிஞ்சா பெட்டி போயிருமேன்னுதான் ஆத்தா.”

எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த மனுஷனை நாலு வார்த்தை கேட்டிருப்பேன். வாய்வரை வந்தது. ஆனால் அவர் பயந்தது எங்களைப் பார்த்து. அந்தப் பெட்டி போய்விடக் கூடாது என்று அவர் மறைத்து மறைத்துக் காத்ததுதான் அதை அழித்தது. இதற்குமேல் நான் என்ன திட்டுவது.

“நாந்தான் அழிச்சுட்டேனா?” என்று கேட்டார்.

“இல்லண்ணே. டிஸ்க்கக் கொண்டுபோயிப் பாக்குறேன். எடுக்க முடியும்.”

முடியாது என்று எனக்குத் தெரியும். பழைய காலத்துச் சுற்றுகிற டிஸ்க்காக இருந்தால் தோண்டித் துருவி ஏதாவது எடுக்கலாம். ஈரத்துக்குச் சாகாது என்று நான் பார்த்துப் பார்த்து மாட்டிய இந்த வகை, துடை என்றால் தடயமில்லாமல் துடைத்துவிடும். இருந்தாலும் கழற்றிப் பையில் வைத்தேன். கிளம்பும்போது ஏற்றிய பென்டிரைவையும் கொண்டுவந்து கொடுத்தார். தொலைந்துவிடக் கூடாது என்று அதற்கு ஒரு சிவப்பு நூல் கட்டியிருந்தார்.

கீழே வந்து தெரிந்த எல்லா மென்பொருளையும் ஓட்டிப் பார்த்தேன். மதுரையில் இதற்கென்றே இருக்கிற ஒரு கடைக்கும் கொண்டுபோனேன். திரும்பி வந்ததெல்லாம் பெயரில்லாத வெற்றுக் கோப்புகள். ஒன்றும் திறக்கவில்லை. அதை அண்ணனிடம் போனில் சொன்னபோது அவர் கொழப்பமில்ல என்று சொல்லவில்லை. “மொக்கம்மாகிட்ட நான் சொல்லிக்கிர்றேன்” என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.

அடுத்த வாரக் கடைசியில் மொக்கம்மாள் அக்காவிடமிருந்து போன் வந்தது. குரலில் அப்படி ஒரு துள்ளல்.

“பென்டிரைவ அனுசியாகிட்டக் குடுத்துவிட்டேன்னாரே. ஏன் ஆத்தா, கொண்டாந்து தரப்படாதா? நானே வரட்டா?”

பொய் சொல்லவில்லை வேலுச்சாமி அண்ணன். பென்டிரைவை என்னிடம் கொடுத்தது நிஜம்தான். மீதியைச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. என் தலையில் கட்டிவிட்டார். அவர்மேல் கோபம் வந்தது, வந்த சுருக்கில் போயும்விட்டது. போனில் சொல்கிற விஷயமில்லை என்று தேவாரம் பஸ்சில் ஏறிச் சிலமலைக்குப் போனேன்.

வீடு கூட்டிப் பெருக்கிச் சுத்தமாக இருந்தது. டிவிக்கு முன்னால் பாய் விரித்திருந்தார். அக்கா நல்ல சேலை கட்டியிருந்தார். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்து என் முகத்தையே பார்த்தார். நான் எப்படித் தொடங்குவது என்று தெரியாமல், முகம் துடைக்கக் கைக்குட்டையைப் பையிலிருந்து எடுத்தேன். அதோடு சிவப்பு நூல் வெளியே வந்தது.

“அதான? நூலு கட்டிருக்கேன்னு சொன்னாரு” என்று கை நீட்டி உருவிக்கொண்டார். நான் “அக்கா, அது” என்பதற்குள் எழுந்துபோய் டிவியின் முதுகில் சொருகிவிட்டார். கடைக்காரர் சொல்லிக் கொடுத்தபடி ரிமோட்டைத் தட்டினார். திரையில் போல்டர்கள் வரிசையாக வந்து நின்றன. நான் அடுக்கியவை. ஒன்றைத் திறந்தார். உள்ளே இன்னும் போல்டர்கள்.

“இங்கிலீசுல போட்டிருக்கே. வாசி ஆத்தா.”

என் வாய் வாசித்தது. “ஆடியோ. கேமரா. நெட்வொர்க்.”

“ஆடியோன்னா பேச்சுத்தான? அவ பேசுனது அதுல இருக்கும்.” திறந்தார். உள்ளே எண்ணும் எழுத்துமாக ஏதேதோ இருந்தன. எதைத் தட்டினாலும் டிவி திறக்க முடியாது என்றது. வெளியே வந்தார். “அப்ப கேமராவுல இருப்பா.” அதற்குள்ளும் போனார். அதிலிருந்தும் வெளியே வந்தார். அவர் சலித்துக்கொள்ளவில்லை. பக்கத்துப் போல்டருக்கும் அதற்கு அடுத்ததற்கும் பொறுமையாக நகர்ந்துகொண்டே இருந்தார்.

“எல்லாத்தையும் எம்புட்டு ஒழுங்கா அடுக்கி வச்சிருக்க” என்றார் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். “அவள எதுக்குள்ள வச்சிருக்க, ஆத்தா?”

“இதுல இல்லக்கா” என்றேன். “எதுலயும் இல்ல.”

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் என்ன சொன்னேன் என்பது அவருக்கு விளங்கிவிட்டது.  பிறகு திரையின் பக்கம் திரும்பி, ரிமோட்டைத் தட்டி, அடுத்த போல்டரைத் திறந்தார்.